வில்ஃப் ஓல்ட்ராய்டு மீது முழு நம்பிக்கை

தார்ன்பெக் யுனைடெட் கால்பந்து அணியின் ஆதரவாளர் சங்கச் செயலாளர் ராய் எம்ஸ்லி, நகராட்சியில் வண்டி நிறுத்த அனுமதி வழங்கும் பிரிவில் முப்பது வருஷம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அந்த முப்பது வருஷத்தில் அவர் யாருக்காவது அனுமதி வழங்கியதாகச் சரித்திரம் இல்லை. அவருடைய மறுப்புக் கடிதங்கள் அவ்வளவு நேர்த்தியாக இருக்கும். வாங்கிப் படித்தவர்கள், இவ்வளவு நாள் கார் வைத்திருந்ததே தப்பு என்று வெட்கப்பட்டு, பஸ்ஸில் போக ஆரம்பித்ததாகச் சொல்வார்கள்.

இப்பேர்ப்பட்டவர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனதும் முதலில் செய்தது சட்டதிட்டங்களை எழுதியதுதான். அதில் பதினான்காம் பிரிவு அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. எந்தத் தீர்மானமும் எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் நிறைவேறக் கூடாது. தானாக யாரும் எதிர்க்காவிட்டால் குழு உறுப்பினர் ஒருவர் முறைப்படி எதிர்ப்பாளராக நியமிக்கப்பட்டு, தம்மால் இயன்றவரை சிறப்பாக எதிர்க்க வேண்டும். இதற்கு ஒரு காரணம் இருந்தது. மைதானத்தில் விற்கும், இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரத்தைப் பாராட்டி ஒரு தடவை சங்கம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. போட்ட கையோடு பாதிச் சங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டது. அன்றைக்கு ஒரே ஒரு ஆள் எழுந்து "பை சரியில்லை" என்று சொல்லியிருந்தால் இது நடந்திருக்குமா என்று ராய் கேட்டார். பிரிவு சேர்க்கப்பட்டது.

அதற்கடுத்து வந்தது ஆண்டுப் பொதுக்கூட்டம். வழக்கம்போல முதல் தீர்மானம்: மேனேஜர் வில்ஃப் ஓல்ட்ராய்டு மீது சங்கம் முழு நம்பிக்கை கொண்டிருக்கிறது.

வில்ஃப் பத்தொன்பது வருஷமாக அணிக்கு ஆள் தேர்ந்து ஆட வைக்கும் மேனேஜர். அந்தப் பத்தொன்பது வருஷமும் அணி லீக் பட்டியலில் பதினோராவது இடத்தில் இருந்தது. ஒரு வருஷம் தவறிப்போய் ஒன்பதாவது வந்தபோது ஊரில் பலருக்குத் தூக்கம் கெட்டது. நல்லவேளையாக அடுத்த வருஷமே வில்ஃப் அதைச் சரிசெய்துவிட்டார். ஊரே அவரைக் கொண்டாடியது. ராயோ ஒரு படி மேலே. மனைவி இறந்த வருஷம், ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகும் மழையில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த ராயைப் பார்த்து, வில்ஃப் நின்று, "அடுத்த சனிக்கிழமை வருவீங்கல்ல தம்பி?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். ராய் அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறவில்லை. வில்ஃப் போய்விட்டால் சனிக்கிழமைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது.

ஆகவே நம்பிக்கைத் தீர்மானத்தை ராயே முன்மொழிந்தார். எதிர்க்க யாரும் எழவில்லை. எல்லாரும் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பிரிவு பதினாலு," என்றார் ராய்.

"இதுக்குமா?" என்றார் தலைவர் மொரீன் டார்டாஃப். கடைத்தெருவில் கறிக்கடை வைத்திருக்கும் அம்மாள்.

"எல்லாத்துக்கும்தான். இதுக்கு வேண்டாம், அதுக்கு வேணும்னா அது சட்டம் இல்ல, சலுகை. முதல் முறை உன்னோடது, மொரீன்."

மொரீன் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தார். மனசில்லாமல்தான் எழுந்தார். ஆனால் எழுந்த பிறகு சும்மா நிற்க முடியாதே. வில்ஃப் வந்த நாள் முதல் ஒரே ஆட்ட முறை. மாற்று ஆட்டக்காரரை இறக்குவதற்குள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கால் மரத்துப்போகிறது. கார்னர் எல்லாம் ஒரே இடத்துக்கு அடிப்பதால் எதிரணிக்காரன் அங்கே முன்கூட்டியே போய் நின்று கொட்டாவி விடுகிறான். "நம்ம மைதானத்துக் கூரையில இருக்கிற புறா கூட இடைவேளையோட எந்திரிச்சுப் போயிடுது," என்று முடித்தபோது கூட்டத்தில் நல்ல சிரிப்பு. தீர்மானம் அமோகமாக நிறைவேறியது.

மூலையில் உட்கார்ந்து சங்கத்தின் செலவில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் உள்ளூர்ப் பத்திரிகை 'கூரியர்' நிருபர் டெனீஸ் கார்ஃபோர்ட். மறுநாள் கடைசிப் பக்கத்தில் தலைப்பு வந்தது: 'ஓல்ட்ராய்டு எதிர்காலம்: ஆதரவாளர்களிடையே பிளவு.'

ராய் போனை எடுத்தார். "என்னம்மா இது? பிளவா? எங்க பிளவு?"

"மொரீன் எதிர்த்துப் பேசினாங்களா இல்லையா, மிஸ்டர் எம்ஸ்லி?"

"பேசினா. ஆனா மனசாரப் பேசல."

"அத நான் எப்படி எழுத? 'தலைவர் மனசில்லாம இருபது நிமிஷம் பேசினார்'னா?"

"அப்படித்தான் எழுதணும். அதுதான் உண்மை."

"சரி, அடுத்த தடவை மனசில்லாமப் பேசறவங்க கைய தூக்கச் சொல்லுங்க. குறிச்சுக்கறேன்."

பத்திரிகையின் போக்கைக் கண்டிக்க வீவர்ஸ் பப் மாடியில் அவசரக் கூட்டம் கூடியது. கண்டனத் தீர்மானம் என்றாலும் தீர்மானம் தீர்மானம்தானே. இந்தத் தடவை எதிர்ப்பாளர் முறை பஸ் ஓட்டும் கிளிஃப் ஹேய்குடையது. கண்டனத்தை எதிர்ப்பது என்றால் பத்திரிகையை ஆதரிப்பது. கிளிஃப் கடமை தவறாத ஆள். வண்டியை ஒரு நிமிஷம் முன்னால் எடுத்துவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் நின்று மன்னிப்புக் கேட்பவர்.

"பேப்பர்ல வந்தது அத்தனையும் சரி," என்றார் கிளிஃப். "சொல்லப்போனா கொறச்சு எழுதிருக்காங்க. இடது பக்கத்துல நமக்கு ஆளே இல்ல. அத ஏன் எழுதல? பயமா?"

"இடது பக்கம் அப்படி ஒண்ணும் மோசமில்லையே," என்றார் இக்பால் மிர்சா. கண்ணாடிக் கடைக்காரர், குழுவின் நான்காவது உறுப்பினர்.

"கண்ணாடிக் கடை வச்சிருக்கிறவன் பேசற பேச்சா இது? அங்க ஒரு ஆளு நிக்கறான், பாத்தியா? அவன் ஆட வந்தவனா, கொடி காட்ட வந்தவனான்னு எனக்கே தெரியல."

"அது சரி, அவன் ஓட்டம் கொஞ்சம் கம்மிதான்."

"கொஞ்சமா?"

இப்படியாக, வில்ஃபைக் காப்பாற்றக் கூடிய கூட்டம், இடது பக்கத்தைப் பற்றி மனம் விட்டுப் பேசி, திருப்தியோடு கலைந்தது. டெனீஸ் சாண்ட்விச்சை முடித்துவிட்டுத் தலைப்பு போட்டார்: 'கூரியர் குறைத்து எழுதுகிறது: ரசிகர்கள் கொதிப்பு.'

இதற்குப் பிறகு காரியங்கள் தம் பாட்டுக்கு வேகம் எடுத்தன. வானொலியில் நேயர்கள் பேசும் நிகழ்ச்சி ஒன்று. "அப்படி ஒண்ணுமே இல்லீங்க" என்று சொல்வதற்காக இக்பால் போன் போட்டார். "தார்ன்பெக்கிலிருந்து மனம் நொந்த இன்னொரு ரசிகர்" என்று அறிமுகம் செய்தார்கள். மனம் நோகவில்லை என்று அவர் சொல்லச் சொல்ல அவர் குரல் உயர்ந்தது. கேட்டவர்கள் எல்லாரும், பாவம் எவ்வளவு நொந்திருக்கிறார் என்றார்கள். வாரக் கடைசியில் தொலைக்காட்சியில் கோட்டு போட்ட இரண்டு பழைய ஆட்டக்காரர்கள் வில்ஃபின் எதிர்காலத்தை அலசினார்கள். அதில் ஒருவர் தார்ன்பெக்கைக் கடற்கரை ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் அவருக்கு அபிப்பிராயம் இருந்தது. இந்தக் காலத்தில் ஒரு மேனேஜருக்குத் தத்துவம் வேண்டும், நீண்டகாலத் திட்டம் வேண்டும், கதை வேண்டும் என்றார்.

"தத்துவமா?" என்றார் மொரீன், கறிக்கடையில் நின்றுகொண்டு. "வில்ஃபுக்குத் தத்துவம் இருக்கா?"

"ஏன் இல்லாம?" என்றார் கிளிஃப். "பந்த முன்னாடி அடி, பின்னாடியே ஓடு. பத்தொன்பது வருஷமா அதானே."

"அத இப்போ தத்துவம்னு ஒத்துக்கறதில்லையாம், கண்ணு. அம்பு போட்ட படம் இருக்கணுமாம்."

ராய் மட்டும் அசரவில்லை. மனசுக்குள் நடுங்கினாலும் வெளியே செயலாளராகவே இருந்தார். நீண்ட விவாதத்துக்குப் பின் சங்கத்தின் சார்பில் அறிக்கை ஒன்றை வெளியிட்டார்: 'மேனேஜரின் எதிர்காலம் குறித்துச் சங்கத்தில் எவ்வித விவாதமும் நடைபெறவில்லை என்பதை, பல கட்ட விவாதங்களுக்குப் பிறகு சங்கம் பெரும்பான்மை வாக்குகளால் உறுதி செய்கிறது.' பெரும்பான்மை என்றால் எதிர்த்தது யார் என்று மறுநாளே மூன்று பத்திரிகைகள் கேட்டன. முறைப்படி எதிர்த்தவர் இக்பால். அவர் கடை வாசலில் படம் எடுக்க ஆள் வந்துவிட்டது. வியாபாரம் கொஞ்சம் கூடியதாக அவரே பிறகு ஒத்துக்கொண்டார்.

"இனிமே பொறுக்க முடியாது," என்றார் ராய். "வில்ஃப் மனசு என்ன பாடு படும்? நேர்ல போய் நம்ம நம்பிக்கையச் சொல்லிட்டு வருவோம்."

நால்வரும் பயிற்சி மைதானத்துக்குப் போனார்கள். வில்ஃப் ஓல்ட்ராய்டு தகரக் கூரை போட்ட தன் அறையில் கெட்டிலை வைத்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க தம்பி, வாங்க அம்மணி. பிஸ்கட் இருக்கு. என்ன விசேஷம்?"

"உங்களுக்கு ஆதரவு தெரிவிக்க வந்தோம்," என்றார் மொரீன்.

"எதுக்கு? எனக்கு என்ன ஆச்சு?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வில்ஃப் பத்திரிகை படிப்பதில்லை. பஸ்ஸில் படித்தால் அவருக்குத் தலை சுற்றும்; அவர் வாழ்க்கையோ முக்கால்வாசி அணியின் பஸ்ஸில். வாசலில் நின்ற தொலைக்காட்சி வண்டியைப் பார்த்தாராம். குப்பை அள்ளாததற்கு யாரோ போராடுகிறார்கள் என்று நினைத்து, இரண்டு நாளாகக் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கவில்லையாம்.

"நீங்க எதையும் நம்பாதீங்க வில்ஃப்," என்றார் இக்பால்.

"எத நம்பக் கூடாது?"

சொல்லாமல் எப்படி நம்பக் கூடாது என்று சொல்வது? ஆகவே ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ஆட்ட முறை, பெஞ்சு, கார்னர், புறா எல்லாம் வந்தது. கிளிஃப் இடது பக்கத்தைச் சற்று விரிவாகவே சொன்னார். வில்ஃப் டீயைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"இதெல்லாம் பேப்பர்காரங்க சொல்றதா?"

"எல்லாம் அவங்க கெளப்பி விட்டதுதான்," என்றார் மொரீன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"விட்டுத் தள்ளுங்க அம்மணி. பேப்பர்காரங்களுக்கும் பொழப்பு வேணுமில்ல. நீங்க நாலு பேரு என் பக்கம் இருக்கீங்க. எனக்கு அது போதும்."

எல்லாம் அங்கேயே முடிந்திருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு வந்திருந்தால் வில்ஃப் இன்றைக்கும் பதினோராவது இடத்தில் இருந்திருப்பார். ஆனால் ராய்க்கு அது போதவில்லை. வாய் வார்த்தையாகச் சொன்ன நம்பிக்கை ஒரு நம்பிக்கையா? அவர் தொண்டையைக் கனைத்தார். "வில்ஃப் ஓல்ட்ராய்டு மீது சங்கம் முழு நம்பிக்கை கொண்டிருக்கிறது. தீர்மானமா எடுத்துக்கலாமா, தலைவரே?"

"எடுத்துக்கலாம், கண்ணு."

"அப்போ எதிர்ப்பாளர்?" என்று கேட்டுவிட்டார் கிளிஃப்.

"அட, டீ குடிக்க வந்த எடத்துல என்னப்பா எதிர்ப்பாளர்?" என்றார் இக்பால்.

ராய் இக்பாலை வருத்தத்தோடு பார்த்தார். "குழு கூடி, தலைவர் தலைமை வகிச்சா அது கூட்டம். டீ இருந்தாலும் கூட்டம்தான். எதிர்ப்பாளர் இல்லாமப் போட்ட தீர்மானம் செல்லாது. வில்ஃபுக்குப் போய்ச் செல்லாத நம்பிக்கையக் கொடுக்கச் சொல்றியா?"

"சரி, யார் முறை?"

மொரீன் பேசியாகிவிட்டது. கிளிஃபும் இக்பாலும் பேசியாகிவிட்டது. மூவரும் ராயைப் பார்த்தார்கள்.

"பேசுங்க தம்பி," என்றார் வில்ஃப், பிஸ்கட்டை நீட்டியபடி. "சட்டம்னா சட்டம்தானே."

ராய் எழுந்தார். மோசமாகப் பேசிவிடுவது என்றுதான் முடிவு செய்துகொண்டு எழுந்தார். தட்டுத் தடுமாறி, இரண்டு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிடலாம். ஆனால் முப்பது வருஷம் மறுப்பு எழுதிய கை அது. மோசமாக மறுக்க அதற்குத் தெரியாது. முதல் வாக்கியம் திக்கியது. இரண்டாவது வாக்கியத்தில் மூச்சு வந்தது. மூன்றாவதிலிருந்து அவர் நகராட்சியில் இருந்தார்.

அணி ஆடும் முறையைப் பற்றி அவர் பேசவில்லை. அது கீழ்மட்ட விவகாரம். "நம்மகிட்ட ஒரு நல்ல மனுஷன் இருக்கார்," என்றார். "நல்லவர்ங்கிறதாலயே பத்தொன்பது வருஷமா அவர்கிட்ட யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. அவரும் தன்னையே கேட்டுக்கிட்டதில்ல. ஜெயிச்சா சந்தோஷப்படறோம், தோத்தா பழகிப்போச்சுங்கறோம். ஒரு ஊரு முழுக்க எதுக்கும் ஆசைப்படாம இருக்கக் கத்துக்கிட்டிருக்கு. அத அன்புன்னு பேரு வச்சுச் சொல்லிட்டிருக்கோம். உண்மையில அவர் மேல அன்பு இருந்தா, இத அவர்கிட்ட எப்பவோ சொல்லியிருக்கணும்."

வில்ஃப் கலக்குவதை நிறுத்திவிட்டார். ராய்க்கு அது தெரிந்தது. நிறுத்த வேண்டும் என்றும் தெரிந்தது. ஆனால் முடிவுரை இன்னும் பாக்கி இருந்தது. முடிவுரை இல்லாமல் அவர் எந்த மறுப்பையும் அனுப்பியதில்லை. அதையும் சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தார். கிளிஃப் தன்னை மறந்து கை தட்டினார்.

"வாக்கெடுப்பு," என்றார் மொரீன் அவசரமாக. "வில்ஃப் மேல நம்பிக்கை இருக்கிறவங்க?"

நான்கு கைகளும் உயர்ந்தன. ராயின் கை எல்லாவற்றையும்விட உயரமாக உயர்ந்தது.

"எதிர்க்கிறவங்க?"

வில்ஃப் கையைத் தூக்கினார். "நான் கௌரவ ஆயுள் உறுப்பினர்தானே? ஓட்டு உண்டுதானே தம்பி?"

உண்டு. அதையும் ராய்தான் எழுதியிருந்தார். முழு நம்பிக்கைத் தீர்மானம் நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் நிறைவேறியது.

அந்த வாரமே வில்ஃப் ராஜினாமா செய்தார். பத்திரிகையாளர்கள் நடுவில் உட்கார்ந்து, யாரும் தன்னை விரட்டவில்லை என்றும், வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தன் வேலையைப் பற்றி ஒருவர் தன் அறைக்கே வந்து தெளிவாக எடுத்துச் சொன்னதாகவும், அவருக்கு நன்றி என்றும் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை. ராய் வீட்டில் தொலைக்காட்சியை அணைத்தார். அவருக்கு அழுகை வந்தது. பிறகு போன் செய்தார்.

"நான் மனசாரப் பேசல, வில்ஃப்."

"மனசாரப் பேசாமயே அப்படிப் பேசினீங்கன்னா, நீங்க மனசாரப் பேசி நான் கேட்டதே இல்லையே தம்பி."

"முறை என்னோடதா வந்துருச்சு. அதனாலதான்."

"தெரியும். வருத்தப்படாதீங்க. நானும் என் வீட்டுக்காரியும் ஸ்கார்பரோல வீடு பாக்கறோம். கடலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம். அவளுக்கு ரொம்ப நாளா ஆசை. நான்தான் கேக்கல."

சங்கம் கூடியது. இப்படி ஒரு கூட்டம் வீவர்ஸ் மாடி கண்டதில்லை. படிக்கட்டு வரை ஆட்கள். எல்லார் முகத்திலும் துக்கம், எல்லார் கையிலும் பீர். வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். வில்ஃபை ஊரைவிட்டே துரத்தியது ஊடகங்கள்தான், அவர்களுடைய பொறுப்பற்ற யூகங்கள்தான் என்ற கண்டனத் தீர்மானத்தைக் கிளிஃப் தழுதழுத்த குரலில் முன்மொழிந்தார். இக்பால் வழிமொழிந்தார். டெனீஸ் அதே மூலையில் உட்கார்ந்திருந்தார். இன்று சாண்ட்விச் தட்டு அவர் பக்கம் போகவில்லை.

"எதிர்த்துப் பேசறவங்க உண்டா?" என்றார் மொரீன்.

ஒருவரும் இல்லை.

"அப்போ எதிர்ப்பாளர் நியமனம். யார் முறை, ராய்?"

"சுத்து முடிஞ்சுது. திரும்ப உன்கிட்டதான் வருது."

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு, கண்ணு," என்றார் மொரீன், அறைக் கடைசி வரை கேட்கும் குரலில்.

"கிளிஃப்?"

"நான் முன்மொழிஞ்சவனாச்சே. அதோட எனக்குக் காதும் சரியா கேக்கல."

"இக்பால்?"

"என் மனசாட்சி இடம் கொடுக்கல," என்றார் இக்பால். அது அவரிடம் இருப்பது சங்கத்துக்கு அன்றுதான் தெரிய வந்தது.

அறை முழுவதும் ராயைப் பார்த்தது. எதிர்த்துப் பேசினால் என்ன பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஊடகங்கள் செய்யவில்லை என்றால் யார் செய்தது என்று சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு தொடக்கத்திலிருந்து முடிவுரை வரை, ஒரு காற்புள்ளி விடாமல், அவருக்குள் தயாராக இருந்தது. அவர் பேசியதிலேயே சிறந்த பேச்சாக அது இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு மட்டும்," என்றார், "விசேஷ சூழ்நிலைய முன்னிட்டு, பிரிவு பதினால நிறுத்தி வைக்கலாம்."

பெரிய நிம்மதி அறையைச் சுற்றி வந்தது. யாரோ ராயின் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். கண்டனத் தீர்மானம் ஏகமனதாக, ஒரு கை குறையாமல் நிறைவேறியது.

மூலையிலிருந்து டெனீஸ் கேட்டார். "ஒரு சந்தேகம், மிஸ்டர் எம்ஸ்லி. அந்தப் பிரிவ அப்படி நிறுத்தி வைக்க முடியுமா?"

"முடியும். பிரிவு பதினஞ்சு."

"அது புதுசா சேத்ததா?"

"இல்ல. முதல்லயிருந்தே இருக்கு."

"அப்போ அன்னைக்கு வில்ஃப் ரூம்ல..."

"அடுத்த பொருளுக்குப் போகலாம்," என்றார் மொரீன். தொண்டை நன்றாகத் திறந்திருந்தது. "பிரிவு பதினாலு மறுபடி அமலுக்கு வருது. புது மேனேஜர் திங்கட்கிழமை வர்றார். ஊரு பேருகூட இன்னும் சரியாத் தெரியாது அவருக்கு. அவர் மேல சங்கம் முழு நம்பிக்கை கொண்டிருக்குன்னு ஒரு தீர்மானம். எதிர்த்துப் பேச யாராவது இருக்கீங்களா, இல்ல நானே ஒருத்தர நியமிக்கணுமா?"

நியமிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. எழுந்த கைகளை எண்ணி முடிக்க ராய்க்குச் சற்று நேரம் பிடித்தது. வரிசைப்படி பேச வைக்கவேண்டும் என்பதால் முதல் பெயராகத் தன்னுடையதை எழுதிக்கொண்டார்.